பெர்கனில் மழை பெய்தால் கப்பலிலேயே இருந்துவிடலாமா?

கேள்வி: ஜூலையில் நார்வே கப்பல் பயணம் போகிறோம். பெர்கனில் காலை 8 முதல் மாலை 5 வரை கப்பல் நிற்கும். அங்கே மழை விடாது என்கிறார்கள். அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி. மகனுக்கு 10 வயது. இறங்குவது சரியா? குடை போதுமா?

பதில்: தாராளமாக இறங்குங்கள். பெர்கனில் ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் மழை உண்டு; மொத்தம் 2,000 மி.மீ.க்கும் அதிகம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் ஏறிக் குளிர்ந்து மழையாகிறது. வெயிலுக்குக் காத்திருந்தால் இந்த ஊரைப் பார்க்கவே முடியாது. ஆனால் பல நாட்களில் மழை விட்டுவிட்டுத்தான் பெய்யும். அந்த இடைவெளிகளைப் பிடிப்பதில்தான் சூட்சுமம். நார்வே வானிலை நிறுவனத்தின் 'யர்' செயலியில் அடுத்த 90 நிமிட மழை வரைபடமாகத் தெரியும். அதைப் பார்த்துக் கிளம்புங்கள்.

குடை போதாது. துறைமுகக் காற்று அதைத் திருப்பிப் போட்டுக் கம்பியை ஒடித்துவிடும்; அம்மாவுக்கு ஒரு கை பிடிமானத்துக்கும் வேண்டும். தொப்பியுள்ள மழைக்கோட்டு வாங்குங்கள். தையல்களின் உட்புறம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஊசித்துளை வழியே தோளில் தண்ணீர் இறங்கும். ஜீன்ஸ் வேண்டாம்; நனைந்தால் மாலை வரை காயாது. ஜூலையிலும் மழை நாளில் 12 முதல் 15 டிகிரிதான் இருக்கும். கோட்டுக்குள் மெல்லிய கம்பளி போடுங்கள்.

கப்பல் ஸ்கோல்டன் துறையில் நிற்கிறதா என்று முதலில் கேளுங்கள். அங்கே என்றால் பழைய மரவீடுகள் உள்ள பிரிக்கன் பகுதிக்குப் பத்து நிமிட நடைதான். இன்னொரு துறையான யெக்டெவிக்கன் என்றால் தூரம். அம்மாவை நடக்க வைக்காதீர்கள், ஷட்டில் பேருந்து அல்லது டாக்ஸி பிடியுங்கள்.

மழை வலுக்கும்போது பிரிக்கன் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். 1955 தீ விபத்துக்குப் பிறகு தோண்டியபோது கிடைத்த 12-ஆம் நூற்றாண்டுக் கட்டட அடித்தளங்கள் அங்கே தோண்டிய இடத்திலேயே இருக்கின்றன. அந்த அகழாய்வில் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து செதுக்கிய மரக்குச்சிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சரக்கு மூட்டையில் கட்டிய பெயர்ச்சீட்டும் உண்டு, அந்தரங்கச் செய்தியும் உண்டு. ஒன்றில், "நீ வீட்டுக்குப் போகணுமாம், கியூதா சொல்கிறாள்" என்று இருக்கிறது. மகனுக்கு இதைச் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள், கண் கொட்டாமல் பார்ப்பான்.

மழை விட்டதும் பிரிக்கனின் மரவீடுகளுக்கு நடுவே உள்ள சந்துகளுக்குள் நுழையுங்கள். 1702 தீக்குப் பிறகு பழைய அமைப்பிலேயே கட்டியவை. 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. முன்வரிசையை மட்டும் படமெடுத்துத் திரும்பிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஈரமான சந்தில்தான் மரத்தின் நிறமும் வாசனையும் முழுதாகத் தெரியும். ஆனால் தரையும் பலகைதான், நனைந்தால் வழுக்கும். அம்மாவுக்கு ஆழமான வரிகள் கொண்ட ரப்பர் அடிக் காலணி கட்டாயம்.

ஃப்ளோயன் மலை ரயிலுக்கு முன்கூட்டியே நேரம் குறித்து டிக்கெட் எடுக்காதீர்கள். ரயில் ஏறும் உயரம் 320 மீட்டர்தான், என்றாலும் மேகம் மூடினால் வெண்மை தவிர எதுவும் தெரியாது. துறைமுகத்திலிருந்து நிமிர்ந்து பாருங்கள். உச்சி தெரிந்தால் மட்டும் போங்கள். இறங்குவதும் ரயிலிலேயே இருக்கட்டும். நடந்து இறங்கும் சரிவு முட்டிக்கு ஆகாது.

மதியம் மீன் சந்தையின் மூடிய கூடத்தில் மீன் சூப் கிடைக்கும், விலைதான் அதிகம். சைவம் என்றால் பேக்கரியில் லவங்கப்பட்டை ரொட்டி, 'ஷில்லிங்ஸ்போல்லே' கேளுங்கள். அநேகமாக எங்கும் கார்டிலேயே பணம் கட்டலாம்.

மாலை 5-க்குக் கிளம்பும் கப்பல் ஏணியை அதற்கு முன்பே எடுத்துவிடும். கடைசியாக ஏறும் நேரத்தைத் தினசரி அறிக்கையில் பாருங்கள். ஊர் நேரமும் கப்பல் நேரமும் ஒன்றா என்றும் சரிபார்த்து, 4 மணிக்குள் துறைக்கு வந்துவிடுங்கள். அறைக்கு வந்ததும் காலணியின் உள்தகட்டை உருவி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்திருக்கும்.