முட்டையில் ஒட்டும் கோலம் ஏன் கசங்குகிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். காலி முட்டை ஓடுகளில் கோலமும் மயிலும் ஒட்டி, கொலுவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் விற்கிறார். படத்தைக் கணினியில் வரைந்து, டிஷ்யூ காகிதத்தில் அச்செடுத்து, ஃபெவிகால் தடவி ஒட்டுகிறார். நடுவில் அழகாகப் படியும் படம் மேலும் கீழும் கசங்கிவிடுகிறது. பசை பட்டதும் நீலம் பரவுகிறது. டிடிபி கடையில் அச்செடுத்தால் அளவு சிறுத்து வருகிறது. படம் வரையும் கோரல்டிரா மென்பொருளை வாங்கினால் இதெல்லாம் சரியாகுமா, 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் தாங்குமா, முட்டையில் தானாக வரையும் இயந்திரம் வாங்கலாமா என்றும் கேட்கிறார்.

கோரல்டிரா வாங்க வேண்டாம். பணத்தை நல்ல வார்னிஷுக்கும் தூரிகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் உங்கள் வேலைக்குத் தாராளம். ஆனால் எந்த மென்பொருளைத் திறப்பதற்கு முன்னாலும் முட்டையை அளக்க வேண்டும். பெரும்பாலானோர் படத்தை வரைந்து முடித்த பிறகுதான் முட்டையைக் கையில் எடுக்கிறார்கள். கசங்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பாட்டிலைச் சுற்றிக் காகிதம் ஒட்டினால் சுருக்கம் விழாது, ஏனென்றால் பாட்டில் ஒரு வாக்கில்தான் வளைகிறது. முட்டை நெடுக்கிலும் வளைகிறது, குறுக்கிலும் வளைகிறது. தட்டைக் காகிதம் எதுவும் வெட்டாமல் அதன்மேல் படியாது. கனடாவின் வெக்ரவில் என்ற ஊரில் 1975-ல் சுமார் 9 மீட்டர் உயரத்துக்கு உக்ரைன் பாணி ஈஸ்டர் முட்டைச் சிற்பம் ஒன்றை நிறுவினார்கள். அதை வடிவமைத்த ரான் ரெஷ், யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர். தட்டையான அலுமினியத் துண்டுகளால் அந்த வளைவைக் கொண்டுவர 2,208 முக்கோணங்களும் 524 மூன்று முனை நட்சத்திரங்களும் தேவைப்பட்டன. கணக்கைக் கணினியில் போட்டுத்தான் வெட்டினார்கள். நமக்கு அவ்வளவு துண்டுகள் வேண்டாம், எட்டு போதும். சாத்துக்குடியைச் சுளை சுளையாகப் பிரிப்பதுபோல முட்டையின் மேற்பரப்பை நெடுக்கில் எட்டாகப் பிரித்துவிடலாம்.

முட்டையின் மிக அகலமான இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து மேல்முனை நோக்கி, ஓட்டின் வளைவோடு சேர்த்து, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு புள்ளி. கீழ்முனைக்கும் அப்படியே. இரு பக்கமும் ஒன்றாக இருக்காது, ஒன்று மழுங்கல், ஒன்று கூர். ஒவ்வொரு புள்ளியிலும் தையல் நூலைச் சுற்றி, சுற்றளவை ஸ்கேலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நடுத்தரக் கோழிமுட்டையில் ஒரு பாதிக்குக் கிட்டத்தட்ட இப்படி வரும்: அகலமான இடத்தில் 138 மில்லிமீட்டர், 1 சென்டிமீட்டர் தள்ளி 129, 2-ல் 103, 3-ல் 58, 4 சென்டிமீட்டரில் முனை. எட்டால் வகுத்தால் ஒரு சுளையின் அகலம் 17, 16, 13, 7 மில்லிமீட்டர், கடைசியில் புள்ளி. முதல் சென்டிமீட்டரில் சுளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் குறைகிறது, மூன்றாவதில் ஆறு குறைகிறது. உங்கள் படம் நடுவில் சமர்த்தாக இருந்து முனைகளில் கசங்குவதன் காரணம் இந்த எண்களிலேயே இருக்கிறது. வாத்துமுட்டைக்குத் தனியாக அளக்க வேண்டும், ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

இங்க்ஸ்கேப்பில் புதுப் பக்கம் திறந்து, டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸில் அலகை மில்லிமீட்டருக்கு மாற்றுங்கள். நடுவில் ஒரு நெட்டுக்கோடு, அதில் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்குக் கைடுகள், அதாவது அச்சில் வராத வழிகாட்டிக் கோடுகள். ஒவ்வொரு கைடிலும் சுளை அகலத்தில் பாதியை ஒரு பக்கம் குறித்து, பேனா கருவியால் புள்ளிகளை வளைவாக இணையுங்கள். அந்தப் பாதியை நகலெடுத்து, திருப்பிப் போட்டு, இரண்டையும் சேர்த்தால் ஒரு சுளை தயார். உள்ளே நிறம் மட்டும் கொடுங்கள். ஓரக்கோடு வைத்தால் அதன் தடிமனும் அகலத்தில் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும்.

இனி எடிட் மெனுவில் குளோன், அதற்குள் கிரியேட் டைல்ட் குளோன்ஸ். ஒரு வரிசை, எட்டு பத்தி. எட்டுச் சுளைகளும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். குளோனின் பெரிய வசதி, மூலத்தில் செய்யும் மாற்றம் எல்லா நகல்களிலும் உடனே வந்துவிடும். எனவே சுளையோடு கோலத்தின் ஓர் இழையையும் சேர்த்துக் குரூப் செய்து குளோன் எடுங்கள். பிறகு அந்த ஒன்றைத் திருத்தினால் எட்டும் திருந்தும். சுளையின் ஓரத்தில் இழை எந்த உயரத்தில் வெளியேறுகிறதோ, எதிர் ஓரத்தில் அதே உயரத்தில் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டும்போது கோலம் அறுபட்டுத் தெரியும். நான்கு பக்கமும் ஒன்றுபோல் வரும் புள்ளிக்கோலங்கள் எட்டுச் சுளைக்கு இயல்பாகப் பொருந்திவிடுகின்றன.

வெட்டும்போது முழுச் சுளையாகப் பிரிக்க வேண்டாம். நடுவில் ஒரு சென்டிமீட்டர் பட்டையை வெட்டாமல் விட்டு, மேலும் கீழும் மட்டும் கத்தரியுங்கள். அந்தப் பட்டைக்குள் சுற்றளவு வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான், ஈரமான டிஷ்யூ அதைத் தாங்கிக்கொள்ளும். முனைகளில் எட்டு நுனிகள் கூடும் இடம் எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் கொஞ்சம் பிசிறும். அதை ஒன்றரை சென்டிமீட்டர் வட்டத்தில் வரைந்த சிறு தாமரையால் மூடிவிடுங்கள். ஓர் இதழ் வரைந்து, ரொட்டேட் காப்பீஸ் என்ற பாத் எஃபெக்டில் 45 பாகை கொடுத்தால் எட்டிதழ்த் தாமரை வந்துவிடும்.

உங்களிடம் இன்னொரு கோரிக்கையும் உண்டு. மயில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் பாயும் யாளிகளையும், கொடிக் கருக்குகளையும் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். சட்டமிட்டு வைத்ததுபோன்ற அந்தக் கொடிகள் முட்டையின் நடுப்பட்டைக்கென்றே செய்தவை போலிருக்கும். பார்த்து நோட்டில் வரையுங்கள், பிறகு அந்தப் பக்கத்தை நேர் மேலிருந்து, நிழல் விழாமல் போனில் படமெடுங்கள். சாய்ந்திருந்தால் புகைப்படம் திருத்தும் கிம்ப் மென்பொருளின் பெர்ஸ்பெக்டிவ் கருவியில் நிமிர்த்தி, இங்க்ஸ்கேப்பில் டிரேஸ் பிட்மேப் கொடுத்தால் கோடாகிவிடும். யாளி முகத்தைச் சுளைகளின் வெட்டு நடுவே போகும்படி வைக்காதீர்கள், ஒரு சுளையின் மையத்தில் சிறிதாக வையுங்கள்.

லேப்டாப் பற்றிய கவலை வேண்டாம். 140-க்கு 80 மில்லிமீட்டர் படம் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 1,650-க்கு 945 பிக்சல்தான். திணறுவதற்குக் காரணம் போனில் எடுத்த பெரிய புகைப்படத்தை அப்படியே உள்ளே இழுப்பது. கிம்பில் முதலில் சிறிதாக்கிவிட்டு எடுத்துப் போங்கள்.

கடையில் அளவு சிறுத்தது அச்சிடும் பெட்டியில் ‘ஃபிட் டு பேஜ்’ இருந்ததால்தான். ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் என்று கேட்டு வாங்க வேண்டும். பக்க ஓரத்தில் சரியாக 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்று போட்டுக் கொடுங்கள். அச்சு வந்ததும் கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கோப்பைப் பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். முட்டையில் ‘வாழ்க வளமுடன்’ போலத் தமிழ் எழுத்து இருந்தால், கொடுப்பதற்கு முன் ஆப்ஜெக்ட் டு பாத் செய்து வடிவமாக்கிவிடுங்கள். கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

நிறம் பரவுவது இங்க்ஜெட் சாயம் நீரில் கரைவதால். அச்செடுத்த டிஷ்யூவை நன்றாக உலரவிட்டு, மெல்லிய அக்ரிலிக் வார்னிஷ் ஸ்பிரேயை இரண்டு முறை தூரத்திலிருந்து அடித்து, காய்ந்த பிறகே பசை பக்கம் கொண்டுபோங்கள். டிஷ்யூவின் மேல் அடுக்கை மட்டும் உரித்து, ஏ4 தாளில் ஓரங்களை ஒட்டித்தான் பிரிண்டருக்குள் அனுப்ப வேண்டும். இதை லேசர் பிரிண்டரில் ஒருபோதும் செய்யாதீர்கள். உள்ளே உள்ள சூடான உருளையில் செல்லோடேப் உருகி ஒட்டினால் பிரிண்டரே பாழ். வெள்ளை நிறத்தைப் பிரிண்டர் அச்சிடாது, டிஷ்யூ ஒளி ஊடுருவும். எனவே பழுப்பு முட்டையில் வெள்ளைக்கோலம் வேண்டுமென்றால் முட்டைக்கு முதலில் வெள்ளை அக்ரிலிக் பூசுங்கள், கோலத்தைச் சுற்றியுள்ள பின்புலத்துக்கு நிறம் கொடுங்கள்.

ஃபெவிகால் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. நடுப்பட்டையிலிருந்து முனை நோக்கித் தூரிகை போகட்டும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் பசை தூரிகையிலேயே இறுகும், விடியற்காலையில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒட்டுங்கள். முட்டையைக் காலிசெய்ய வாயால் ஊதாதீர்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஊசியில்லாத சிரிஞ்சால் காற்றடித்து வெளியேற்றி, சோப்புநீரில் அலசிக் காயவையுங்கள். வயலோரம் கிடைக்கிறதென்று மயில் முட்டையை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம்.

கடைசியாக இயந்திரம். முட்டையைச் சுழற்றி, பேனாவை அசைத்து வரையும் கருவியை அமெரிக்கக் கலைஞர் புரூஸ் ஷாபிரோ 1990-ல் உருவாக்கினார். எக்பாட் என்ற பெயரில் அது இங்க்ஸ்கேப்போடு இணைந்து வேலை செய்கிறது. கோடு அழகாக வரும், நிறம் நிரப்புவது சிரமம், இரு முனைகளையும் பிடித்துக்கொள்வதால் அங்கே வரையாது. திருமண வரவேற்புக்கு ஒரே கோலம் போட்ட நூறு முட்டை என்று ஆர்டர் வரத் தொடங்கினால் யோசியுங்கள். இப்போது நீங்கள் செய்யும் வண்ணக் கோலத்துக்கும் மயிலுக்கும் சுளை வெட்டிய டிஷ்யூதான் பொருத்தம்.