கரை இறங்கியதும் விழுகிறவருக்கு

சகோதரரே, பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவ அறிக்கை) செய்த இரண்டு வாரத்துக்குள் மறுபடி குடியும் கெட்ட வார்த்தையும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விழுகிற இடத்தைப் பாருங்கள். இராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகிறது. மறுநாள் காலை ஜெட்டியில் இறங்கும்போது தூக்கமில்லை, வயிறு காலி, மீன்பாட்டில் உங்கள் பங்குக்கான பணம் கையில். அந்த அரைமணி நேரம்தான் சோதனை. பணத்தை வீட்டுக்காரம்மா கணக்கில் போடச் சொல்லுங்கள், இறங்கியதும் முதலில் சாப்பிடுங்கள். இரண்டாம் வாரம் விழுவதாக இருந்தால் பத்தாம் நாளே சாமியாரிடம் போங்கள். விழுந்த பிறகுதான் போகவேண்டும் என்றில்லை.

முழு ஜெபமாலை நேர்ந்துகொள்ளாதீர்கள், நான்காம் நாளே விட்டுப்போகும். வலை விட்டுக் காத்திருக்கையில் ஜெபமாலையின் ஒரு பத்து மணி ஜெபம் மட்டும் போதும், விரல் மடக்கி எண்ணிக்கொண்டு. வலை கடலடிப் பாறையில் சிக்கும்போதுதான் வாய் கெடும்; அந்நேரம் சொல்ல திருப்பாடல் 141:3, நாவுக்குக் காவல் கேட்கும் வசனம்.

ஞாயிறு காலைப் பூசை தவறினால் மாலைப் பூசை எங்கே என்று சனிக்கிழமையே கேட்டுவையுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இன்னும் கவனம், வேலையில்லாத பகல் நீளமானது.

தினமும் குடித்தவர் என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள். கைநடுக்கம், வலிப்பு வரலாம். முதலில் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவே அல்ல.