மூன்று அளவுகள் முக்கோணமாகக் கூடுமா? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து மாணவர்கள், பெற்றோர், கூரை வேலையும் தோட்ட வேலையும் செய்பவர்கள் கேட்டவற்றுக்குக் கணித ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி (படிவம் 1 மாணவி): சார், 18, 7, 10 என்று மூன்று பக்கம் கொடுத்தால் முக்கோணம் வருமா? மூன்று கூட்டலும் செய்து பார்க்கணுமா?

பதில்: வேண்டாம்மா, ஒன்று போதும். பெரிய பக்கத்தைத் தனியே வை, மற்ற இரண்டையும் கூட்டு. கூட்டுத்தொகை பெரியதைவிடக் கூடுதலாக இருந்தால் முக்கோணம் உண்டு. இங்கே 7 + 10 = 17, அது 18-ஐ எட்டவில்லை. ஆகவே முக்கோணம் இல்லை. மற்ற இரண்டு கூட்டலிலும் 18 சேர்ந்துவிடுவதால் அவை எப்படியும் பாஸாகும். கேள்வியில் முதலில் இருக்கும் 18-ஐயும் 7-ஐயும் கூட்டி, "25 > 10, ஆகவே ஆகும்" என்று எழுதித்தான் பலர் மார்க்கை விடுகிறார்கள். முதல் வேலையாக எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்து. அளவுகள் செ.மீ., மீ. என்று கலந்திருந்தால் அதற்கும் முன்பு ஒரே அலகுக்கு மாற்று.

கேள்வி: 5, 8, 13 சரியாகப் பொருந்துகிறதே சார், அது முக்கோணம்தானே?

பதில்: இல்லை. 5-உம் 8-உம் 13-இன் மேலேயே படுத்து ஒரே கோடாகிவிடும். பரப்பளவு பூஜ்யம். சமம் போதாது, கூடுதலாகவே இருக்க வேண்டும்.

கேள்வி (கூரை வேலை செய்பவர்): 20 அடி அகலக் கொட்டகைக்கு இரண்டு பக்கமும் 10 அடிக் கைமரம் போட்டால் போதாதா சார்?

பதில்: போதாது அண்ணே. 10 + 10 = 20. மேலே சொன்ன 5, 8, 13 கதைதான். முகடு எழும்பாது, தட்டையாகத்தான் கிடக்கும். ஆனால் கொஞ்சம் கூட்டினாலே உயரம் வேகமாக ஏறும். கைமரம் 10 அடி 1 அங்குலம் என்றால் முகடு ஏறக்குறைய 1 அடி 3½ அங்குலம். 10 அடி 3 அங்குலம் என்றால் சரியாக 2 அடி 3 அங்குலம். கணக்கு இதுதான்: 10.25-இன் வர்க்கத்தில் 10-இன் வர்க்கத்தைக் கழித்தால் 5.0625, அதன் வர்க்கமூலம் 2.25. இதே காரணத்தால், வெட்டும்போது கால் அங்குலம் பிசகினாலும் முகட்டில் அது பல மடங்காகத் தெரியும். தட்டையான கூரைக்கு அளவைக் கூரான கூரையைவிடக் கவனமாக எடுங்கள். சுவருக்கு வெளியே நீட்டும் பகுதியை இந்த நீளத்தோடு தனியாகச் சேர்க்கணும்.

கேள்வி (பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் அம்மா): இரண்டு பக்கம் 6, 11. மூன்றாவது பக்கம் எத்தனை முழு எண்ணாக வரலாம்?

பதில்: கழித்தால் 5, கூட்டினால் 17. இந்த இரண்டுக்கும் நடுவில், அவற்றைச் சேர்க்காமல்: 6 முதல் 16 வரை, 11 எண்கள். 5-ஐயும் 17-ஐயும் சேர்த்து 13 என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை.

கேள்வி (சிறுதோட்டக்காரர்): முக்கோண நிலத்தை அளந்தோம்: 120, 75, 210 மீட்டர். பரப்பளவு போட்டால் கால்குலேட்டர் எரர் காட்டுகிறது.

பதில்: கால்குலேட்டரில் கோளாறு இல்லை. 120 + 75 = 195, இது 210-க்குக் குறைவு. மூன்று பக்கங்களிலிருந்து பரப்பளவு தரும் ஹெரோன் சூத்திரத்தில் அரைச் சுற்றளவு 202.5, அதில் 210-ஐக் கழித்தால் −7.5. எதிர்ம எண்ணுக்குக் கால்குலேட்டர் வர்க்கமூலம் தராது. அளவுகளில் குறைந்தது ஒன்று தப்பு. எது என்று கணக்கு சொல்லாது, நிலத்துக்குத்தான் போகணும். 30 மீட்டர் டேப்பை ஒரு தடவை எண்ணாமல் விட்டிருந்தால் சிறிய பக்கங்களில் 30 குறைந்திருக்கும். 75 உண்மையில் 105 என்றால் மூன்றும் கூடிவிடும். பெரிய பக்கத்தில் பாரிட்டை (வடிகாலை) சுற்றியோ மரத்தை விலகியோ டேப் போயிருந்தால் நீளம் கூடியிருக்கும். டேப் தொய்ந்தாலும் வளைந்தாலும் அளவு கூடத்தான் செய்யும், குறையாது.

கேள்வி: செம்பனை முக்கோண நடவில் மரத்துக்கு மரம் 9 மீட்டர். வரிசைக்கு வரிசையும் 9 விட்டால்?

பதில்: முக்கோணம் வரும், ஆனால் வேண்டிய முக்கோணம் வராது. பக்கங்கள் 9, 10.06, 10.06 ஆகிவிடும். சமபக்கமாக இருக்க வரிசை இடைவெளி 7.8 மீட்டர்தான். அப்போது ஹெக்டருக்குச் சுமார் 143 மரம். 9 விட்டால் 123 தான் நிற்கும்.

கேள்வி (கணினி படிக்கும் மாணவர்): பைதான் நிரல்மொழியில் 0.1, 0.2, 0.3 கொடுத்தால் "முக்கோணம்" என்கிறதே?

பதில்: கணினிக்குள் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004, அதனால் 0.3-ஐத் தாண்டிவிடுகிறது. மீட்டரை 1000-ஆல் பெருக்கி, ரவுண்ட் (round) செய்து, மில்லிமீட்டரில் முழு எண்ணாக ஒப்பிடு தம்பி. இன்ட் (int) மட்டும் போட்டால் தசமத்தை வெட்டிவிடும், 0.29 × 100 கூட 28 ஆகிவிடும். சிறியதிலிருந்து பெரியதாக a, b, c என்று வரிசைப்படுத்தி a + b > c என்று பார்த்தால் பூஜ்யத்துக்கும் எதிர்ம எண்ணுக்கும் தனிச் சோதனை தேவையில்லை. c எப்போதும் b-க்குக் குறையாததால், a பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருந்தால்தான் அந்த நிபந்தனை நிறைவேறும்.