டொமைன் பெயரைப் பிடித்துவைத்து விலை பேசுகிறார்!

கேள்வி: தோல் பை செய்து விற்கிறேன். கடைப் பெயர் பத்து வருடமாக டிரேட்மார்க்காகப் பதிவில் இருக்கிறது. போன மாதம் யாரோ அதே பெயரில் டாட் காம் இணைய முகவரியை (டொமைன்) வாங்கிவிட்டு, ‘மூவாயிரம் டாலர் கொடுங்கள், இல்லையென்றால் உங்கள் போட்டியாளருக்கு விற்றுவிடுவேன்’ என்று மெயில் போட்டிருக்கிறார். ஆத்திரத்தில் அந்த மெயிலை அழித்துவிட்டேன்.

பதில்: முதல் வேலையாகக் குப்பைத் தொட்டியைக் கிளறி மெயிலை மீட்டெடுங்கள். உங்கள் கையில் இருந்த முதல்தரச் சாட்சியையே அழித்திருக்கிறீர்கள்!

டாட் காம் வாங்குகிற எல்லோரும் ‘யுடிஆர்பி’ என்ற, டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் விதிக்குக் கட்டுப்பட்டே வாங்குகிறார்கள். படிக்காமல் டிக் அடித்திருப்பார்கள், அது வேறு விஷயம். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த விதி. நீங்கள் மூன்றைக் காட்ட வேண்டும்: டொமைன் உங்கள் டிரேட்மார்க் முத்திரையோடு குழம்புகிற அளவுக்கு ஒத்திருக்கிறது, அவருக்கு அதில் நியாயமான உரிமை கிடையாது, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து அப்படியே பயன்படுத்தவும் செய்கிறார். பலர் சறுக்குவது மூன்றாவதில்தான். டொமைனை விற்பது குற்றமில்லை. உங்களைக் குறிவைத்து வாங்கி உங்களிடமே கூடுதல் விலைக்கு விற்கப் பார்ப்பதுதான் தப்பு. அதைத்தான் அவரே மெயிலில் எழுதிக் கொடுத்திருக்கிறாரே!

இந்த விதியில் வந்த முதல் வழக்கே இதே கதைதான். ஒருவர் அமெரிக்க மல்யுத்த நிறுவனமொன்றின் பெயரைப் பதிந்த மூன்றாம் நாளே ஆயிரம் டாலருக்கு அந்த நிறுவனத்திடமே விற்கப் பார்த்தார். 2000 ஜனவரியில் தீர்ப்பு வந்தது, பெயர் கைமாறியது.

சரி, செலவு? ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒற்றை நடுவரிடம் போனால் கட்டணம் 1,500 டாலர், வக்கீல் செலவு தனி. நஷ்டஈடு என்று ஒரு பைசா வராது; பெயர் மட்டும்தான் கிடைக்கும். இன்னொன்று, கோபமாக எச்சரிக்கைக் கடிதம் எதுவும் அனுப்பாதீர்கள். அவர் டொமைனை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு நழுவலாம். புகார் போனால், டொமைனை அவருக்கு விற்ற பதிவு நிறுவனமே அதை யாருக்கும் மாற்ற முடியாதபடி பூட்டிவிடும், அதற்கப்புறம்தான் மெயில் போட்ட ஆளுக்கே விஷயம் தெரியும்.

கேள்வி: என் டிரேட்மார்க்குக்கு மூன்று வயது. அந்த டொமைன் 2006-லேயே ஒருவரிடம் இருக்கிறது. புகார் போடலாமா?

பதில்: வேண்டாம். பிறக்காத முத்திரையை எப்படிக் குறிவைப்பது? அடம்பிடித்தால் ‘நீங்கள்தான் பெயரைப் பறிக்கப் பார்க்கிறீர்கள்’ என்று நடுவர் எழுதிவைத்துவிடுவார். பேசி வாங்கப் பாருங்கள். பெரிய பெயர் இருந்தால் மட்டும் போதாது. 2000-ல் பாடகி மடோனா தன் பெயர் டொமைனுக்கான புகாரில் ஜெயித்தார், அதே வருடம் பாடகர் ஸ்டிங் தோற்றார். ‘ஸ்டிங்’ சாதாரண ஆங்கிலச் சொல்லாயிற்றே!

கேள்வி: போலி இணைய முகவரியையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரிதான் தெரிகிறது!

பதில்: சின்ன ‘ஆர்’, சின்ன ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றால் ‘எம்’ மாதிரியே இருக்கும். இப்படிப்பட்ட முகவரியிலிருந்து வந்த ஒரு பில்லுக்கு நானே பணம் கட்டப் போனேன். ஏதோ உறுத்தியது. முகவரியை நகலெடுத்து ஒட்டி, எழுத்துருவை டைப்ரைட்டர் எழுத்துக்கு மாற்றினேன். ‘எம்’ இரண்டாகப் பிளந்தது.