கழுத்துல ஐடி கார்டு இல்லாம கிரவுண்டுக்குப் போறது

கேள்வி: அக்கா, 11 வருஷம் சென்னையில ஒரு ஸ்போர்ட்ஸ் கம்பெனியில மீடியா வேலை பார்த்தேன். பிளேயர் பேட்டிக்கு ஏற்பாடு பண்றது, பிரஸ் ரிலீஸ் அடிக்கிறது, மேட்ச் அன்னைக்கு ராத்திரி 2 மணி வரைக்கும் கிடக்கிறதுன்னு ஓடிச்சு. கடைசியில மூனு மாச சம்பளத்தை இழுத்தடிச்சாங்க, வேலைய விட்டுட்டு கோவில்பட்டிக்கே வந்து அப்பா கடையில உக்காந்திருக்கேன். விளையாட்டைப் பத்தி எனக்குன்னு எழுதணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. ஆனா பிரஸ் பாஸ் கிடையாது, பிளேயர்ஸ் இப்ப போன் எடுக்கிறதில்ல, இந்த ஊர்ல இருந்துக்கிட்டு என்னத்தை எழுத? பழைய ஆபீஸ்ல பார்த்ததை எழுதலாமா?
- பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: தம்பி, கடைசிக் கேள்விய முதல்ல முடிச்சிடுறேன். வேலையில சேரும்போது கையெழுத்து போட்ட கான்ட்ராக்டைத் தேடி எடுத்து, ரகசியம் காக்கிறது பத்தின பாராவை நிதானமா படிங்க, வேலைய விட்ட பிறகும் அது செல்லும்னு பெரும்பாலும் போட்டிருக்கும். ஒரு பையனோட முட்டி வலி, பிளேயர் ஏலத்துக்கு முந்தின நாள் அவன் அழுதது, இதெல்லாம் உங்களை நம்பி உங்க முன்னாடி நடந்தது, தொடாதீங்க. சம்பள பாக்கி கோபம் நியாயம்தான், அதுக்கு ஒரு வக்கீலைப் பாருங்க, எழுத்துல கொண்டுவந்து கொட்டினா அடுத்து எதை எழுதினாலும் அந்தக் கோபமாவே வரும்.

பாஸ் இல்லைன்னு வருத்தப்படுறீங்க. 1999 ஜனவரி 31, ஞாயித்துக்கிழமை, சேப்பாக்கம், இந்தியா-பாகிஸ்தான் டெஸ்ட், நான் பிரஸ் பாக்ஸ்ல இருந்தேன். நாம 271 அடிச்சா ஜெயிப்பு, சச்சின் முதுகு வலியோட 136 அடிச்சு அவுட் ஆகும்போது ஸ்கோர் 254, அதுக்கப்புறம் நாலே ரன்னுல மிச்ச மூனு விக்கெட்டும் போச்சு, 12 ரன்ல தோத்தோம். நான் அப்ப குனிஞ்சு நோட்டுல முதல் பாராவை அடிச்சு அடிச்சு எழுதிக்கிட்டு இருந்தேன், ஆபீஸுக்கு ஃபேக்ஸ் போகணுமே. கைதட்டுற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன், பாகிஸ்தான் டீம் கிரவுண்டைச் சுத்தி ஓடுது, ஸ்டாண்டு மொத்தமும் எந்திரிச்சு நின்னு தட்டுது. கீழ மோர் விக்கிற பெரியவர் ஒருத்தர் தூக்கை இறக்கி வச்சிட்டு, ஈரக் கையை வேட்டியில துடைச்சுட்டு அவரும் தட்டினார். மறுநாள் பேப்பர்ல அந்தப் பெரியவர் இல்ல, ஏன்னா கேட்டது 400 வார்த்தை, அதுல ஸ்கோரும் விக்கெட்டும் போட்டாலே இடம் முடிஞ்சுது. இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு அந்த மேட்ச்னா அவர் கைதான் ஞாபகத்துக்கு வருது. உங்களுக்கு இப்ப எந்த ஆபீஸும் ஃபேக்ஸ் கேக்கல, நிமிர்ந்து பார்க்கலாம், அது எவ்வளவு பெரிய விஷயம்னு வேலையில இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க.

அப்புறம், கோவில்பட்டியில இருந்துக்கிட்டு என்ன எழுதன்னு கேட்டீங்க பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு நெஜமாவே கஷ்டமாயிடுச்சு. 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில வெண்கலம் வாங்கின இந்திய ஹாக்கி டீம்ல இருந்த மாரீஸ்வரன் சக்திவேல், எஸ். கார்த்தி ரெண்டு பேரும் உங்க ஊர் ஹாக்கி ஹாஸ்டல்ல வளர்ந்த பசங்க, அதுல கார்த்தி முதல் மேட்ச்லயே பாகிஸ்தானுக்கு எதிரா கோல் போட்டவர். இந்தப் பசங்களை உருவாக்கின கிரவுண்டு உங்க கடையில இருந்து எவ்வளவு தூரம் இருக்கப் போகுது? காலையில போங்க. டர்ஃப்ல, அதான் அந்த செயற்கைப் புல் தரையில, தண்ணி அடிக்கிறதைப் பாருங்க, ஈரம் இல்லாட்டி பந்து ஏன் நின்னு நின்னு போகுதுன்னு கோச்சைக் கேளுங்க, ஸ்டிக் பிடியில டேப் சுத்துற பையன் எத்தனை சுத்து சுத்துறான், உடைஞ்ச ஸ்டிக்கை எங்க குடுத்து சரி பண்றான், புதுசு வாங்க வீட்ல யார் காசு குடுக்கிறாங்க, இதையெல்லாம் எழுதுங்க. ஐபிஎல் மேட்சைப் பத்தி அன்னைக்கு ராத்திரியே ஆயிரம் பேர் எழுதிடுவாங்க, அதுல போய் நிக்காதீங்க. பிரஸ் ரிலீஸ் அடிச்சுப் பழகின கைக்கு ‘அபார வெற்றி’, ‘அதிரடி ஆட்டம்’னு தானா வந்து விழும், எழுதி முடிச்சதும் அதை மட்டும் தேடித் தேடி வெட்டுங்க, எனக்கு அந்தப் பழக்கம் போக ரெண்டு வருஷம் ஆச்சு.

போட்டோவுக்கு மட்டும் கவனம். ஏஜென்சி போட்டோ, டிவி கிளிப் எதையும் எடுத்துப் போடாதீங்க, ஸ்கோர் யார் வேணா எழுதலாம், ஆனா படம் எடுத்தவங்களுக்குத்தான் சொந்தம். உங்க போன்லயே எடுங்க, சின்னப் பசங்கன்னா கோச்சையும் வீட்டையும் கேட்டுட்டு.

இன்னொன்னு, கொஞ்சம் பேர் படிக்க ஆரம்பிச்சதும் பணம் கட்டி ஆடுற கேம்காரங்க விளம்பரம் கேட்டு வருவாங்க, நல்ல தொகையா சொல்லுவாங்க. 2025ல வந்த ஆன்லைன் கேமிங் சட்டப்படி அந்த விளம்பரம் போடுறதே குற்றம், கடை வருமானம் இருக்கில்ல, தைரியமா வேணாம்னு சொல்லிடுங்க.

வாரத்துக்கு ஒன்னு போதும் தம்பி. முதல்ல அந்த டேப் சுத்துற பையனை எழுதுங்க, அவன்கிட்ட படிச்சுக் காட்டிட்டு எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.