மரத்தரைப் பெட்டியில் இத்தனை முத்திரைகள் எதற்கு? கேள்வி பதில்

புதுச்சேரியில் மரத்தரை போடுவதுதான் என் தொழில். இன்ஜினியர்டு பலகைகளோடு வருகிற சான்றிதழ்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணே, பெட்டியில் எஃப்.எஸ்.சி. முத்திரை இருக்கிறது. வீட்டில் ஆறு மாதக் குழந்தை. தைரியமாகப் போடலாமா?

அந்த முத்திரை காட்டுக்கானது தம்பி, குழந்தை இழுக்கும் மூச்சுக்கானது இல்லை. மரம் பொறுப்பாகப் பராமரிக்கிற காட்டிலிருந்து வந்ததா என்று மட்டும் அது சொல்லும்.

நீங்கள் பார்க்க வேண்டியது பசையை. மேலே சில மில்லிமீட்டர்தான் நல்ல மரம், அடியில் ப்ளைவுட் அல்லது எச்.டி.எஃப். (மர நாரை இறுக்கி அழுத்திய பலகை). அதை ஒட்டியிருப்பது யூரியா பசை என்றால் ஃபார்மால்டிஹைடு வாயு மெல்லக் கசியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. அதனால் 'கார்ப் 2' அல்லது 'டி.எஸ்.சி.ஏ. டைட்டில் 6' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். முதலாவது கலிஃபோர்னியாவின் விதி, இரண்டாவது அமெரிக்கா முழுவதற்கும். ப்ளைவுட்டுக்கு இரண்டிலும் ஒரே வரம்பு: காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.05 பங்கு.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து: கடைக்காரர் 'இ1 சார், யூரோப் தரம்' என்கிறார். அது போதுமா?

மோசமில்லை. ஆனால் இ1 என்ற ஐரோப்பிய ஃபார்மால்டிஹைடு வரம்பு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 0.1 பங்கு. சோதனை முறை வேறு என்பதால் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது, இருந்தாலும் ப்ளைவுட்டைப் பொறுத்தவரை கார்ப் 2 அளவுக்குக் கறார் இல்லை.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. இ1-க்கான அறைச் சோதனை 23 டிகிரி வெப்பத்தில், 45 சதவீத ஈரப்பதத்தில் நடக்கிறது. ஐப்பசி மழையில் மஞ்சக்குப்பத்தில் 45 சதவீதத்துக்கு எங்கே போவது? யூரியா பசைக்குச் சூடும் ஈரமும் ஆகாது, இன்னும் கூடுதலாக வாயு விடும். அதனால் நம் கடற்கரை ஊர்களுக்குப் பீனால் பசையில் ஒட்டியதைத்தான் நான் சொல்வேன். சாம்பிள் துண்டை அறுக்கச் சொல்லி ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே காபித்தூள் நிறத்தில் கோடு ஓடினால் பெரும்பாலும் பீனால். எதைப் போட்டாலும் முதல் சில வாரம் ஏசிக்காக ஜன்னலை அடைத்து வைக்காதீர்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து: கடையில் ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்களே?

அது தொழிற்சாலையின் சுற்றுச்சூழல் நிர்வாக முறைக்குக் கொடுப்பது. பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. சுவருக்கு அழகு, அவ்வளவுதான்.

வில்லியனூரிலிருந்து: வாட்ஸ்ஆப்பில் பி.டி.எஃப். அனுப்பினார்கள். அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஃப்.எஸ்.சி. முத்திரைக்குப் பக்கத்தில் 'சி' எழுத்தும் ஆறு இலக்கங்களும் இருக்கும். அவர்கள் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள், யாருடையது என்று வந்துவிடும். ஃபார்மால்டிஹைடு அறிக்கை என்றால் தேதி, ஆய்வகத்தின் பெயர், பலகையின் கனம், அடிப்பலகை வகை நான்கையும் பெட்டியோடு ஒப்பிடுங்கள். ஒருமுறை எனக்கு வந்த அறிக்கை 15 மி.மீ. ப்ளைவுட்டுக்கு, வந்து இறங்கிய சரக்கோ 12 மி.மீ. எச்.டி.எஃப். அறிக்கை அசல்தான், வேறு பலகையின் அறிக்கை! சரக்கைத் திருப்பி அனுப்பினேன். ஆட்டோ கூலி என் தலையில்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: 2011 தானே புயலில் கூடத்துக்குள் தண்ணீர் வந்த வீடு எங்களுடையது. ஐ.எஸ். 710 மரைன் ப்ளைவுட் அடியில் இருந்தால் தாங்குமா? கரையானுக்கும் சான்றிதழ் உண்டா?

ஐ.எஸ். 710 என்பது இந்தியத் தரம். அதன் சோதனையில் ப்ளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போடுவார்கள். பசை விடாது என்பதற்கு அது அத்தாட்சி. மேலே இருக்கும் மரம் ஊறி உப்பாது என்று அர்த்தமில்லை. ஐ.எஸ். 710 ப்ளைவுட்டில் பூச்சிக்கு மருந்து ஏற்றியிருப்பார்கள், நான் மேலே சொன்ன மற்ற முத்திரைகளில் ஒன்றுகூடக் கரையானுக்கு ஆனதில்லை. தரைக்கடியில் மருந்து அடிப்பது தனி வேலை, அதற்கு ஐ.எஸ். 6313 என்று தனித் தரமே இருக்கிறது. உங்கள் கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல்லே போடுங்கள் அக்கா. மரத்தை மாடி அறைக்கு வைத்துக்கொள்ளலாம்.