பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குமுன் பெட்டியைத் திறவுங்கள்: வாசகர் கேள்விகள்

அண்ணே, ஆபீஸில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. மகன் கேம் ஆட கார்டு கேட்கிறான். 350 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வரைதான் முடியும். ஆர்எக்ஸ் 580 மலிவாக வருகிறதே, எடுக்கலாமா? (செந்தூல்)

வேண்டாம். கார்டைத் தேடுவதற்கு முன்னால் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, பவர் சப்ளையிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று 6 பின் அல்லது 8 பின் வயர் வருகிறதா என்று பாருங்கள். ஆப்டிபிளெக்ஸில் பெரும்பாலும் இருக்காது. அப்படியென்றால் மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள்தான் குடும்பம் நடத்த வேண்டும். 580 கேட்பதோ 185 வாட்.

ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரில் செருகி 6 பின்னாக மாற்றிக்கொள்ளும் வயர் சில வெள்ளிக்குக் கிடைக்கும். கடைக்காரரும் "ஓகேதான்" என்பார். சாட்டா முனையின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 54 வாட், 6 பின் முனை எடுப்பது 75 வாட் வரை. அப்படி மாட்டி, முனை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பெட்டி என் மேசைக்கு வந்திருக்கிறது. இடுக்கி வைத்துத்தான் பிரித்தேன்.

உங்களுக்கு ஏற்றது ஜிடிஎக்ஸ் 1650, அதுவும் தனி பவர் முனை இல்லாத வகை. அதே பெயரில் 6 பின் உள்ளவையும் உண்டு. அதனால் கார்டின் மேல் விளிம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1050 டிஐயும் 75 வாட்டில் ஓடும். ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம் டிரைவர் மென்பொருள்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்துவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. எனவே அது இரண்டாம் பட்சம். உங்களுடையது ஒல்லிப் பெட்டியா? உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் நுழையும். அதற்குரிய குட்டைத் தகடும் கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் தோண்டுவதில்) ஓடிய கார்டு என்றால் பயமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. அதோடு ஏராளமான மைனிங் கார்டுகள் விற்பனைக்கு வந்தன. இன்று பழைய சந்தையில் இருக்கும் ஒரு கார்டைக் காட்டி இது மைனிங்கில் ஓடவில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. விற்பவர் செய்வார், அது வேறு.

எனக்கு அந்தப் பயம் அவ்வளவு இல்லை. மின்கட்டணத்தைக் கணக்குப் பார்த்து, வாட்டைக் குறைத்து ஓட்டிய மைனர்கள் நிறைய. தேய்வது விசிறியும் மெமரி மேல் ஒட்டியிருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும்தான், இரண்டையும் மாற்றிவிடலாம். டிஸ்பிளே முனையே இல்லாத பி106 கார்டை மட்டும் தொடாதீர்கள், அது மைனிங்குக்கென்றே செய்தது. பினாங்கில் நான் முதலில் பார்ப்பது உப்புக்காற்றைத்தான். ஸ்குரூ தலையில் துரு, எச்டிஎம்ஐ முனைக்குள் பச்சை பூத்திருந்தால் விலை பேசவே வேண்டாம்.

விற்பவர் வங்சா மாஜு எல்ஆர்டி ஸ்டேஷனில் சந்திக்கலாம் என்கிறார். அங்கே எப்படிச் சோதிப்பது?

முடியாது தம்பி. ஸ்டேஷனில் காசும் பொருளும் கைமாறும், அவ்வளவுதான். கார்டு ஓடுவதை அவர் வீட்டில் பார்க்க வேண்டும், அல்லது கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் தெரிந்த கடைக்காரர் இருந்தால் சின்னக் கூலி கொடுத்து மாட்டிப் பார்க்கலாம்.

நானே ஏமாந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே ஜிடிஎக்ஸ் 1060 ஒன்றை வாங்கினேன். வீட்டில் மாட்டினால் விண்டோஸும் 1060 என்றே காட்டியது. கேம் மட்டும் நொண்டியது. கார்டின் உண்மை விவரங்களைக் காட்டும் ஜிபியு-இஸட் மென்பொருளைத் திறந்தேன், பெயருக்கு முன்னால் 'போலி' என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது 2011-இல் வந்த 550 டிஐ, கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றிப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். வெட்கமான விஷயம் என்னவென்றால், கார்டின் பின்புறத்தில் நீல நிற விஜிஏ முனை இருந்தது. 1060-இன் சிப்புக்கு விஜிஏ சிக்னல் தரவே தெரியாது. மேசையிலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும், ரொட்டி சானாய் மறைத்துவிட்டது.

ஆகவே ஜிபியு-இஸட் முதலில். பிறகு கார்டை முழுமூச்சாக வேலை வாங்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சூடு ஏறி ஓரிடத்தில் நிற்கிறதா, திரையில் புள்ளியோ கோடோ சிதறுகிறதா என்று பாருங்கள். விசிறியில் காதை வையுங்கள். எல்லா டிஸ்பிளே முனைகளிலும் வயரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் நன்றி சொல்லி எழுந்துவிடலாம்.

பாதி விலை, ஆள் ஜொகூரில், முன்பணம் அனுப்பினால் போஸ்ட் பண்ணுவாராம்.

அனுப்பாதீர்கள். ஆசை விடாவிட்டால் அவருடைய வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிப் புகார் வந்த எண்களைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். அதில் பெயர் வரவில்லை என்பதால் ஆள் யோக்கியன் என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் புகார் கொடுக்காமல் இருக்கலாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? இதை மேலே படிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள்.

ஆன்லைன் கடையில் 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்று ஒன்று. அசலா?

அசல்தான், ஆனால் முழு 580 இல்லை. முழு 580-இல் 2304 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்), இதில் 2048. அது 570-இன் கணக்கு, எனவே 570-இன் விலைதான் கொடுக்கலாம். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். மாட்டிச் சோதிக்கும்வரை 'பொருள் கிடைத்தது' பொத்தானை அழுத்தாதீர்கள், அழுத்தினால் காசு விற்பவர் கைக்குப் போய்விடும்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பழையது கிடைக்கிறது. (பட்டர்வொர்த்)

உங்கள் தொழிலுக்கு ஆகாத கார்டு, தங்கச்சி. எடிட் செய்த வீடியோவை வெளியே எடுக்க உதவும் என்கோடரே அதில் இல்லை. மெமரியும் பெரும்பாலும் 4 ஜிபிதான். போதாததற்கு மதர்போர்டோடு பேசும் பாதைகளில் (லேன்) நான்கில் மட்டும் ஓடுவதால் பழைய போர்டில் இன்னும் மெதுவாகும். கொஞ்சம் பொறுத்து 1660 சூப்பரோ, 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600-ஓ தேடுங்கள். 6600 இழுப்பது 132 வாட், 8 பின் வயர் ஒன்று வேண்டும். பெட்டியைத் திறந்து, அந்த வயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.